முழுகினால் மருந்து இருக்கிறது

கடலூர் ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில் டாக்டர் கோவிந்தசாமி கிளினிக் எது என்று விசாரித்தால் பாதிப் பேர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசிப்பார்கள். பிரிசில்லா சிஸ்டர் இருக்கிற கிளினிக் என்று கேட்டால் போதும், ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அப்படி ஒரு பேர். முப்பத்திரண்டு வருஷம் நின்ற காலோடு நின்று அவள் சம்பாதித்த பேர் அது. அந்தப் பேர்தான் கடைசியில் அவள் வாயை அடைத்தது.

சிஸ்டர் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். நர்ஸ் படிப்பு எங்கே படித்தாள்? பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு, துறைமுகத்தில் மீன்கூடை இறக்கும் அப்பா லூர்துசாமிக்குச் சோறு கொண்டுபோய்க்கொண்டிருந்தவள். பத்தொன்பது வயதில் கிளினிக்கைக் கூட்டிப் பெருக்க வந்தாள். அப்போது டாக்டரும் இளவட்டம், வேலைக்கு ஆள் வைக்க வசதியில்லை. ஊசி போட ஆரஞ்சுப் பழத்தில் பழக்கினார். பழத்தில் தேறியதும் தன் இடுப்பிலேயே போடச் சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் அவள் போட்ட ஊசிக்குக் கணக்கே இல்லை. கல்யாணம் ஒன்று கூடி வந்து தட்டிப்போனது, அத்தோடு சரி. கிளினிக்தான் வீடு, வருகிற பிள்ளைகள்தான் பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது.

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான் என்று வாயால் சொல்வாளே தவிர, இழுப்புப் பிள்ளைகள் என்றால் அவளுக்குத் தனி உயிர். காரணம் இருந்தது. அவளுடைய தம்பி ஆரோக்கியராஜுக்கு இழுப்பு. மழைக்காலம் வந்தால் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவான். மந்திரித்த தண்ணீர், வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை, கசாயம் என்று எல்லாம் பார்த்தார்கள். ஒன்பது வயதில், ஆஸ்பத்திரிக்குப் போகிற சைக்கிள் ரிக்‌ஷாவில், அவள் மடியிலேயே போய்விட்டான். மூச்சு விடுகிற சத்தம் நின்றதும், அப்பாடா, தம்பிக்கு இழுப்பு அடங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும்.

அதனால்தான் கிளினிக்கில் யார் எந்த வரிசையில் இருந்தாலும் சரி, தோள்பட்டை ஏறி இறங்க ஒரு பிள்ளை உள்ளே வந்துவிட்டால் பிரிசில்லா எல்லாரையும் தள்ளிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய் மருந்துப் புகை மாஸ்க்கை மாட்டிவிடுவாள். டாக்டர் பிறகுதான் வந்து பார்ப்பார். "சிஸ்டர் பாத்துட்டாங்களா, அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

ஐப்பசி பிறந்தால் போதும், கிளினிக் இருமலால் நிரம்பிவிடும். சளி, காய்ச்சல், மறுபடி சளி, மறுபடி காய்ச்சல். நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும் பிள்ளைகளை டாக்டர் சோதித்துவிட்டு ஆஸ்துமா என்று சொன்னால் அந்தத் தாய் அடுத்த வாரம் வேறு டாக்டரிடம் போய்விடுவாள். வீசிங் என்று சொன்னால் தலையாட்டுவாள். இரண்டும் ஒரே கழுதைதான். ஆனால் வீசிங் என்றால் வந்துவிட்டுப் போவது, ஆஸ்துமா என்றால் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வருவது என்று ஊரில் ஒரு எண்ணம். டாக்டரும் பிழைக்கத் தெரிந்தவர், வீசிங் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த சண்டை பம்பு. கட்டைவிரல் நீளத்தில் ஒரு தகர உருளை, அதை நீலப் பிளாஸ்டிக்கில் சொருகி அழுத்தினால் புஸ்ஸென்று மருந்து வரும், பிள்ளை மூச்சோடு இழுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் குடுவை. இதை வாங்கச் சொன்னால் தாய்மார்கள் நெருப்பைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொள்வார்கள். "பம்பு பழகிடும்னு சொல்றாங்களே சிஸ்டர்? ஒரு ஊசியப் போட்டு சிரப் எழுதிக் குடுங்களேன்."

"பழகுனா பழகட்டும்டி. மூச்சு விடக்கூடத்தான் பழகியிருக்குது, அத விட்டுடலாமா?" என்பாள் பிரிசில்லா. திட்டுவாள், கெஞ்சுவாள், தன் தம்பி கதையைச் சொல்வாள், தன் வாயிலேயே பம்பை வைத்து அடித்துக் காட்டுவாள். டாக்டர் சொல்லிக் கேட்காத எத்தனையோ பேர் அவள் சொல்லிக் கேட்டார்கள். இது பொய்யில்லை. அந்த ஓ.டி.யில் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பல பிள்ளைகள் அவள் வாய்ச்சண்டையால் உயிரோடு இருக்கிறார்கள். இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குச் செய்கிற அநியாயம்.

பம்பை வாங்கிய தாய்மார்கள் அடுத்துக் கேட்கிற கேள்வி, உள்ளே மருந்து இருக்கா, தீர்ந்துபோச்சா என்பது. ஒரு பம்பில் இருநூறு தடவை மருந்து. எத்தனை மிச்சம் என்று காட்டுகிற எண் பல பம்புகளில் கிடையாது. பிள்ளை திணறுகிற நேரத்தில் யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கிளினிக்குக்கு வந்த ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி அவளுக்கு ஒரு வழி காட்டினான். உருளையைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட வேண்டும். முழுகினால் மருந்து இருக்கிறது. மிதந்தால் காலி.

அடடா, என்ன சுலபம்! பிரிசில்லா அன்றே ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கி ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். வருகிற தாய்மார்கள் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு உருளையைப் போட்டுக் காட்டினாள். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் முண்டியடித்து வரும். "முழுகிடுச்சு, முழுகிடுச்சு" என்று கைதட்டும். ஊசி போடுகிறவளாகவே தெரிந்தவள் அந்த டம்ளரால்தான் விஷயம் தெரிந்த சிஸ்டர் ஆனாள்.

ஷாசியாவுக்கும் அப்படித்தான் காட்டினாள். ஷாசியாவுக்குத் தாய்வீடு சிதம்பரம் லால்கான் தெரு, கட்டிக் கொடுத்த இடம் ஓ.டி. புருஷன் நவ்ஷாத் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. ஒரே பையன் உசாமா. மூன்று வயதில் முதல் தடவை நெஞ்சு இழுக்க இழுக்கத் தூக்கிக்கொண்டு வந்தாள், அப்போது பிரிசில்லாதான் பிள்ளையை வாங்கி மாஸ்க்கை மாட்டினாள். மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்ததும் பையன் அழுகையை நிறுத்திவிட்டு, "ஏரோப்ளேனா?" என்றான். வாப்பா ஏறிப்போன ஏரோப்ளேன் அப்படித்தான் சத்தம் போட்டதாம். அதிலிருந்து மாஸ்க்கைக் கழற்றும்போதெல்லாம், "வாப்பாகிட்ட போயிட்டு வந்துட்டேன்" என்பான். ஏழு வயதிலும் சொல்வான், ஆனால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

"வாப்பா என்னாடா சொன்னாரு?"

"பிரிசில்லா சிஸ்டருக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வெச்சிருக்காராம்."

நவ்ஷாத் நிஜமாகவே ஒரு லீவில் சென்ட் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதைத் திறக்காமல் பீரோவில் வைத்திருந்தாள்.

இந்த வருஷம் தை மாதம் டாக்டருடைய மகள் சிந்துஜா, பிள்ளைகள் வைத்தியம் படித்து முடித்துவிட்டு அப்பாவின் கிளினிக்கிலேயே உட்கார்ந்தாள். நல்ல பெண், பெரியவர்களை மதிக்கிறவள். பிரிசில்லா அவளுக்குப் பால்புட்டி கழுவியிருக்கிறாள். ஜூன் மாதம் ஒரு நாள் ஜன்னல் ஓரத்து டம்ளரைப் பார்த்துவிட்டு அது எதற்கு என்று கேட்டாள். பிரிசில்லா பெருமையாகப் போட்டுக் காட்டினாள்.

சிந்துஜா கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அக்கா, இது வேணாங்கா. உள்ள மருந்து வேற, அதத் தள்ளுற கேஸ் வேற. மருந்து தீந்தப்புறமும் கேஸ் கெடக்கும். தண்ணில போட்டா முழுகும், அழுத்துனா புஸ்ஸுன்னு சத்தமும் வரும். புள்ளைக்குள்ள போறது வெறுங்காத்து. எத்தன தடவ அடிச்சோம்னு குறிச்சி வெக்கணும், அது ஒண்ணுதான் வழி. நீங்க யார் யாருக்குச் சொல்லிக் குடுத்தீங்களோ அவுங்களுக்கெல்லாம் மாத்திச் சொல்லிடுங்க. நான் சொல்றதவிட நீங்க சொன்னாதான் கேப்பாங்க."

"சரிங்க மேடம்" என்றாள் பிரிசில்லா.

சொன்னாளா? சொல்லவில்லை. அன்று சாயங்காலமே டம்ளரை எடுத்து உள்ளே வைத்தாள், புதிதாக வந்தவர்களுக்குக் குறித்து வைக்கச் சொன்னாள். அது வரைக்கும் செய்தாள். பழைய ஆட்களை நிறுத்தி, நான் இத்தனை வருஷம் சொன்னது தப்பு என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. தான் பால்புட்டி கழுவிக் கொடுத்த பெண் வந்து தன்னைத் திருத்துகிறதே என்று ஒரு எரிச்சல். நர்ஸ் படிக்காதவள்தானே என்று எல்லாரும் ஒரே நாளில் சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பயம். மெதுவாக, ஒவ்வொருத்தராக வரும்போது, பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். பதினெட்டு வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் ஷாசியா வந்தாள். மழை தொடங்கிவிட்டது, கிளினிக்கில் நிற்க இடமில்லை. ஒரு குழந்தை பெஞ்சின் மேல் வாந்தி எடுத்துவிட்டது, இன்னொன்று ஊசிக்குப் பயந்து தரையில் புரண்டுகொண்டிருந்தது. உசாமாவுக்கு அன்று லேசான இருமல்தான். கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஷாசியா கையில் பம்பைத் தூக்கிக் காட்டினாள். "சிஸ்டர், இது மார்ச்சுல வாங்குனது. நேத்து தண்ணில போட்டேன், முழுகுது. இன்னும் ஓடும்ல? இல்ல, வேற வாங்கணுமா?"

பிரிசில்லா சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். கேள்வி காதில் நன்றாகவே விழுந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பெஞ்சு முழுக்கத் தாய்மார்கள், எல்லாரும் அவளிடம் டம்ளர் வித்தை கற்றவர்கள், எல்லாரும் அவள் வாயைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"ஓடும், ஓடும்" என்றாள்.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிளினிக் போன் அடித்தது. ஓ.டி.யிலிருந்து ஷாசியாவின் பக்கத்து வீட்டுக்காரர். சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் உசாமாவுக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள், பையன் மவுத்தாகிவிட்டான், சாயங்காலம் அசர் தொழுகைக்கு அடக்கம் என்றார். டாக்டர் கோவிந்தசாமி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "சில புள்ளைங்களுக்கு இப்படித் திடீர்னு வந்துடும், பிரிசில்லா. ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார். சிந்துஜாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான், அவள் புகை மெஷினைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினாள். செம்மங்குப்பத்தில் ரசாயனத் தொழிற்சாலை நாற்றம் வந்தபோது முன்சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். பிரிசில்லா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மார்ச்சில் வாங்கிய பம்பு. ஏப்ரலில் ஒரு வாரம் சளி, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பத்து நாள். ஆகஸ்டில் மறுபடி பத்து நாள். எப்படிக் கூட்டினாலும் ஆகஸ்டிலேயே இருநூறு தாண்டியது. பத்தாம் வகுப்பில் வராத கணக்கு இப்போது பிசகாமல் வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது வார்த்தைகளை அடுக்கிக்கொண்டாள். புதுச்சத்திரத்தில் அவை கலைந்துபோயின. நிறைந்த பம்பாகவே இருந்திருந்தாலும் பிழைத்திருப்பானா, யார் கண்டது? சொல்லி என்ன ஆகப்போகிறது, போன பிள்ளை வருமா? பி.முட்லூரில் ஒரு தாய் தோளில் பிள்ளையோடு ஏறினாள். பிள்ளை இருமியது. பிரிசில்லாவின் காது தானாகவே அந்த நெஞ்சுச் சத்தத்தைக் கேட்கப் போனது. வெறும் சளிதான்.

லால்கான் தெருவில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நவ்ஷாத் எழுந்து வந்தான். அடக்கம் முடிந்து மறுநாள்தான் அவன் விமானம் சென்னையில் இறங்கியது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. தாடி முளைத்து, கண் சிவந்து, "வாங்க சிஸ்டர்" என்றான். "நாலு வருஷம் எம்புள்ளையக் காப்பாத்திக் குடுத்தவுங்க நீங்க. ஒவ்வொரு போன்லயும் உங்களப் பத்திதான் பேசுவான்."

இதற்கு அவன் அவளைச் செருப்பால் அடித்திருக்கலாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஷாசியா சுவரில் சாய்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் உம்மா அஜீசுன்னிசா. பிரிசில்லாவைக் கண்டதும் ஷாசியா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுது முடித்த குரலில் சொன்னாள்.

"ரெண்டு நாளு மூக்கு ஒழுகிக்கிட்டிருந்துச்சுக்கா. சளிதானேன்னு விட்டேன். விடியக்காலையில சுபுஹு பாங்கு சொல்ற நேரத்துல எழுந்து ஒக்காந்துட்டான். பேச்சு வரல. பம்ப எடுத்து அடிச்சேன். நீங்க சொன்ன மாதிரிதான், குடுவையில வெச்சு, ஒண்ணொண்ணா, மூச்சு இழுக்க விட்டு விட்டு. பதினோரு தடவ அடிச்சேன்க்கா. எண்ணுனேன். கேக்கவேயில்ல. ஆட்டோவுல போறப்ப என்னையே பாத்துக்கிட்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உசுரு இருந்துச்சு."

"அழுடி" என்றாள் அஜீசுன்னிசா.

"நான் ஒரு கொறையும் வெக்கலக்கா" என்றாள் ஷாசியா. "கல்யாணத்துக்குக் கெளம்புறப்பவே தண்ணில போட்டுப் பாத்துதான் பையில வெச்சேன். முழுகுச்சு. மருந்து இருந்தும் அவன் போயிட்டான்னா அது அல்லாஹ்வோட நாட்டம். நம்ம கையில இல்ல. அது ஒண்ணுதான்க்கா என்ன ஒக்கார வெச்சிருக்குது. இல்லன்னா நானும் போயிருப்பேன்."

பிரிசில்லாவுக்கு அடைத்திருந்த நெஞ்சு ஒரு நொடி லேசானது. வெட்கக்கேடுதான், ஆனால் நடந்தது அதுதான். சொல்லக் கூடாது, சொன்னால் இவள் பிழைக்கமாட்டாள், இவளுக்காகவே நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. தன் கோழைத்தனத்துக்குக் கருணை என்று பேர் வைத்துக்கொண்டு ஷாசியாவின் முதுகைத் தடவினாள். "ஆமாம்மா, நம்ம கையில என்னா இருக்குது" என்றாள். தேநீர் வந்தது, குடித்தாள்.

எழுந்திருக்கப் போகும்போது ஷாசியாவின் தங்கை ஷஹனாஸ் உள்ளே வந்தாள். அவள் இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை, சாம்பல் பூத்த முகம். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. குழந்தை இருமியதும் பிரிசில்லாவின் காது நிமிர்ந்தது. இது வெறும் சளி இல்லை. அடியில் பூனைச் சத்தம் இருந்தது.

"கல்யாண வூட்டுலேர்ந்தே இவளுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றாள் ஷஹனாஸ். "இவளுக்கும் வீசிங்தான் சிஸ்டர். டாக்டர் பம்பு குடுத்திருக்காரு. எனக்குப் பயமா இருக்குது, கை காலு ஓடல."

ஷாசியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று நாளில் அவள் முகத்தில் வந்த முதல் தெளிவு அது. "பயப்படாத. சிஸ்டர் இருக்கிறப்பவே பாத்துடலாம். உம்மா, ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டாங்க. ஷஹனா, பம்பக் குடு. இது இவுங்க சொல்லிக் குடுத்ததுதான்."

எவர்சில்வர் டம்ளர் வந்தது. ஷாசியா உருளையைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள். எல்லாப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். உருளை அடியில் போய் டங்கென்று உட்கார்ந்தது.

"பாரு, முழுகிடுச்சு. எப்ப வாங்குனது?"

"ரம்ஜானுக்கு முன்னாடி லாத்தா."

"இருக்கட்டும், மருந்து இருக்குது. இத வெச்சே ஓட்டலாம். இல்லீங்களா சிஸ்டர்?"

கேட்டுவிட்டு ஷாசியா அவளைப் பார்த்தாள். அக்டோபரில் பார்த்த அதே பார்வை. கூடத்தில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். குழந்தை மறுபடி இருமியது.

"இல்ல" என்றாள் பிரிசில்லா.

"என்னா இல்ல?"

"அது காலியா இருக்கும். வேற வாங்கணும். இப்பவே வாங்கணும். ஷஹனாஸ், யாரையாவது மெடிக்கலுக்கு அனுப்பு. மொதல்ல புள்ளைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிடு." குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "தண்ணில போட்டுப் பாக்குறது தப்பு. மருந்து தீந்தாலும் முழுகும். அடிச்சா சத்தம் வரும். மருந்து வராது."

ஷஹனாஸ் டம்ளரையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள். பிறகு குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நவ்ஷாத்தைக் கூப்பிடுகிற அவள் குரல் கேட்டது.

ஷாசியாவின் உதடு மட்டும் அசைந்தது. "அப்ப உசாமாவோட பம்பு?"

பிரிசில்லா டம்ளரில் கிடந்த உருளையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"பதினோரு தடவ அடிச்சேனே. அவன் வாயில வெச்சு நான் அடிச்சது வெறுங்காத்தாக்கா?"

"தப்பு என்னுது, ஷாசியா. உன் தப்பு இல்ல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் தெரியும் என்று ஒரு வார்த்தை போதும். "ஜூன்ல" என்றாள்.

"அக்டோபர்ல நான் வந்து கேட்டப்ப?"

"தெரியும்."

அஜீசுன்னிசா மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தப்பு என்னுது என்று சொன்னபோது பிரிசில்லா வைத்த கை ஷாசியாவின் தோளிலேயே இருந்தது. ஷாசியா அதை மெதுவாக எடுத்து, அது வேறு யாருடைய சாமானோ போல, பிரிசில்லாவின் மடியிலேயே வைத்தாள்.

"அவ புள்ளைக்காகச் சொல்ல வாய் வந்துச்சுல்ல" என்றாள். "எம்புள்ளைக்கு ஏன்க்கா வரல?"

அதற்குப் பதில் பிரிசில்லாவிடம் இருந்தது. பெஞ்சில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் வரவில்லை. அவ்வளவுதான் பதில். இதை ஒரு தாயின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவள் எழுந்து, செருப்பை மாட்டவும் மறந்து, வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். வாசலில் நவ்ஷாத் இல்லை, ஷஹனாஸையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். மற்ற ஆண்களுக்கு விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு பெரியவர் எழுந்து நின்று, "போயிட்டு வாங்கம்மா" என்று மரியாதையாக வழிவிட்டார்.

மறுநாள் டாக்டரிடமும் சிந்துஜாவிடமும் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சிந்துஜா அழுதாள். அன்றிலிருந்து மூன்று நாள், பழைய நோட்டுகளைக் கிளறி, இழுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் ஒவ்வொருத்திக்கும் பிரிசில்லா போன் போட்டாள். "நான் சொன்னது தப்பு, தண்ணில போட்டுப் பாக்காதீங்க" என்றாள். அத்தனை பேரும் சரி சிஸ்டர் என்றார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கா ஆறு மாசம் பயந்து செத்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தியாவது காறித் துப்பியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சென்ட் பாட்டில் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, திறக்கவும் கை வரவில்லை.

கார்த்திகை முடியும்போது ஷஹனாஸ் போன் செய்தாள். குழந்தைக்கு அன்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்களாம், இப்போது நன்றாக இருக்கிறதாம். புதுப் பம்பில் பிளாஸ்திரி ஒட்டி ஒவ்வொரு தடவையும் கோடு போட்டு வருகிறாளாம். நன்றி என்று சொல்ல வாயெடுத்து, சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

"ஷாசியா எப்படி இருக்கா?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"சாப்புடுறா, தூங்குறா. உங்களப் பத்தி ஒண்ணும் பேசறதில்ல. டம்ளர்ல மட்டும் தண்ணி குடிக்க மாட்டேங்குறா சிஸ்டர். டீ வெச்சாலும் தொடறதில்ல. தாகம் எடுத்தா கொழாயடிக்குப் போயி, கையில ஏந்திக் குடிச்சிட்டு வர்றா."